கவ்வாத்துக் கத்தியும் கறளும்

இலங்கை மலையகத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் ஒரு துருவைப் பற்றிக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியின் காப்பிச் செடிகளில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அது. 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று தாவரவியலாளர்கள் பெயரிட்ட அந்தப் பூஞ்சணம், இருபது ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் காப்பிப் பயிர்ச்செய்கையை முடித்து வைத்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, காப்பி விட்டுச் சென்ற மலைச்சரிவுகள் அனைத்திலும் படர்ந்தது. இக்கதையைப் பாடநூல்களில் நாம் அனைவரும் படித்திருக்கின்றோம்.

அதே மலைகளில் இன்னொரு துருவும் உண்டு. அது இரும்பில் படிவது. மலையகத்திலும் தமிழகத்திலும் அதற்குத் துரு என்றே பெயர். யாழ்ப்பாணத்தார் கறள் என்பார்கள். கவ்வாத்துக் கத்தியிலும், மண்வெட்டியிலும், அலவாங்கிலும், கொழுந்து வெட்டும் கத்தரியிலும் அது ஒவ்வோர் இரவும் படிகின்றது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் பலமுறை நினைத்ததுண்டு. சம்பளப் பேச்சுவார்த்தை, தேர்தல், மண்சரிவு என்று ஏதாவதொன்று முந்திக்கொள்ளும். கருவியில் துருப்பிடிப்பது ஒரு செய்தியா என்று ஆசிரியபீடத்தில் கேட்டால் பதில் சொல்வது சிரமமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாள் முழுவதும் ஒரு கருவியைக் கையில் பிடித்து உழைக்கின்ற மனிதரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

கடற்கரையின் நோய் மட்டுமா?

துரு என்றதும் நம்மவர்களுக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். காரைநகரிலோ கல்முனையிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்களுக்குச் சன்னல் கம்பிகள் பொருக்குத் தட்டுவதும் சைக்கிள் சங்கிலி இறுகிப்போவதும் புதிய விடயங்கள் அல்ல. கடற்காற்று சுமந்து வரும் உப்புத் துகள் இரும்பின் மேல் படிகின்றது. சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். (இலங்கைப் பாடநூல்கள் இதனைச் சாரீரப்பதன் என்கின்றன.) மழை பெய்யாத நாளிலும் கடலோரத்து இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டேயிருக்கும். கனடாவில் வாழும் வாசகர்கள் பனிக்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு தங்கள் கார்களின் அடிப்பாகத்தை என்ன செய்கின்றது என்பதை அறிவார்கள். நடப்பது ஒன்றுதான்.

கடலிலிருந்து வெகுதூரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்ற நுவரெலியாவுக்கு இந்தத் தொல்லை இருக்கக்கூடாது என்று தோன்றலாம். திறந்தவெளியில் வைக்கப்பட்ட ஓர் இரும்புத் தகடு கடற்கரையில் அரிக்கப்படும் வேகத்தில் மலையில் அரிக்கப்படுவதில்லை என்பது உண்மையே. காற்றில் உப்பில்லை, குளிரும் வேதிவினையை மெதுவாக்குகின்றது. அப்படியிருந்தும் மலையகத்துக் கருவிகள் செம்மை பூத்துக் கிடப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அங்கே இரும்பு உலர்வதே இல்லை. 1920களிலும் 1930களிலும் இங்கிலாந்தில் வேர்னன் என்ற வேதியியலாளர் செய்த பரிசோதனைகள் ஒரு முக்கியமான எல்லையைக் காட்டின. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை தூய்மையான இரும்பில் துரு பெரும்பாலும் படிவதில்லை. அந்த எல்லையைத் தாண்டிய பின்னர், மேற்பரப்பில் அழுக்கோ உப்போ இருந்தால், துருவேறும் வேகம் திடீரென்று கூடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளில் மூடுபனி கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே காற்று 60 வீதத்துக்கு இறங்குவதைக் காண்பதே அரிது. உடுத்திய துணி மூன்று நாட்களாகியும் காயாத இடத்தில் கத்தி மட்டும் எப்படிக் காயும்?

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. மழைக்காலம்தான் துருவின் காலம் என்று நினைக்கின்றோம். சனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில், வானம் தெளிந்த இரவுகளில், நுவரெலியாவின் தரையில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர்கின்றது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கின்றது. இரவில் குளிர்ந்த இரும்பு, சூரியன் எழுந்து காற்று வெதுவெதுப்பானதும் வியர்க்கத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த போத்தலின் மேல் நீர் துளிர்ப்பதைப் போன்றதே இது. தகரக் கூரைக் கொட்டிலில் வைத்த கருவி மழையில் நனையாவிட்டாலும் பனிநீரில் நனைகின்றது. இலண்டனில் தோட்டத்துக் கொட்டிலில் மண்வெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

மூன்றாவது காரணம் உரம். தேயிலைக்கு இடப்படும் கலவை உரங்களில் சாம்பல்சத்துக்காகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைட்டு. அது கறியுப்புக்கு மிக நெருங்கிய உறவு. இரும்பை அரிப்பதில் குளோரைட்டின் குணம் இரண்டுக்கும் ஒன்றே. 85 வீத ஈரப்பதனுக்கு அருகில் அதுவும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். யூரியாவும் அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே நீர் கோர்த்துக்கொள்ளும். தேயிலை விரும்புகின்ற மண்ணோ அமிலத்தன்மை கொண்டது. உரம் கலந்த புளிப்பு மண் ஒட்டிய மண்வெட்டியை அப்படியே மூலையில் சாத்திவைப்பது, அதைக் கடற்கரையில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். இதைவிடக் கொடுமை, காலியான உரச்சாக்கில் கருவியைச் சுற்றி வைக்கும் வழக்கம். கருவி பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியம் உப்பையும் ஈரத்தையும் இரும்போடு சேர்த்துக் கட்டிவிடுகின்றது.

நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் நான்காவது காரணம் ஒன்றும் சேரும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு பயிரிடுவோர் பூஞ்சண நோய்களுக்குச் செம்பு கலந்த மருந்து தெளிப்பதுண்டு. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்த பின்னர் தேயிலைக்கும் செம்பு மருந்து பழக்கமாயிற்று. செம்புக் கரைசல் இரும்பில் பட்டால் இரும்பு கரைந்து செம்பு படியும். அப்படிப் படிந்த செம்பு பின்னர் அருகிலிருக்கும் இரும்பின் அரிப்பையும் தூண்டும். செம்பு மருந்தை இரும்பு வாளியில் கலக்காதீர்கள் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

கத்தி கெட்டால் செடி கெடும்

மண்வெட்டியில் துருப்பிடித்தால் வெட்டுவது கடினமாகும், அவ்வளவுதான். கவ்வாத்துக் கத்தியின் கதை வேறு. உயர்நிலத் தேயிலைச் செடிகளை நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகின்றார்கள். விரற்கடையளவு தடித்த கிளைகளை ஒரே வீச்சில், சாய்வாக, பிளவுபடாமல் வெட்ட வேண்டும். வெட்டு வழவழப்பாக இருந்தால் பட்டை விரைவில் மூடிக்கொள்ளும். கூர் மழுங்கிய, துருவினால் பல் விழுந்த கத்தி கிளையை வெட்டுவதில்லை, கிழிக்கின்றது. கிழிந்த இடத்தில் நீர் தங்கும், பூஞ்சணம் நுழையும், கட்டை உளுத்துப்போகும். ஐம்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பயன் தர வேண்டிய செடி நடுவிலேயே ஒரு பக்கம் பட்டுப்போகின்றது. 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சுத்தமான வெட்டின் அவசியத்தை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றது. கூர்மையான கத்தி இல்லாத இடத்தில் அந்த அறிவுரை தாளோடு நின்றுவிடும்.

கத்தி கெடுவதன் விலையை முதலில் கொடுப்பது அதைப் பிடித்திருக்கும் கைதான். மழுங்கிய கத்திக்கு இரண்டு மடங்கு விசை வேண்டும். விசை கூடினால் வழுக்கும். வழுக்கினால் முழங்காலிலோ இடக்கையிலோ படும். கவ்வாத்துக்காரருக்கு ஒரு நாளுக்கு இத்தனை செடி என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை முடித்தால்தான் முழுப் பேர். கத்தி ஒத்துழைக்காத நாளில் அரைப் பேர்தான் விழும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆயிற்று. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்த உயர்வுகளுக்காக எத்தனை போராட்டங்கள், எத்தனை வழக்குகள் நடந்தன என்பதை வாசகர்கள் அறிவார்கள். வீதியில் இறங்கிப் பெற்ற உயர்வின் ஒரு பகுதியை மலையில் ஒரு துருப்பிடித்த கத்தி மெதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்கின்றது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் ஏர்ப்பு நோய் வரும் என்று நம்மவர்கள் நினைக்கின்றார்கள். தமிழகத்தில் அதை இரணஜன்னி என்பார்கள். அந்நோயைத் தருவது துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பக்டீரியா. பளபளக்கும் புதிய கத்தியாக இருந்தாலும், மண் பட்ட காயம் ஆழமாக இருந்தால் ஆபத்து ஒன்றுதான். துருப்பிடிக்காத கத்திதானே என்று ஊசி போடாமல் இருந்துவிடுவது பிழை. காயத்தைக் கழுவி, தடுப்பூசி போட்டுக் காலம் கடந்துவிட்டதா என்று தோட்ட வைத்தியசாலையில் கேட்டறிவதே முறை.

உலர்ந்த காற்று யாருக்கு?

ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஈரத்தைப் பற்றிய அறிவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஈரத்தை அகற்றுவதுதான் அங்கே தொழிலே. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளில் பரப்பி, விசிறிகளால் காற்றைச் செலுத்தி வாட்டுகின்றார்கள். மழை நாட்களில் அந்தக் காற்றைச் சூடாக்கியும் செலுத்துகின்றார்கள். உருட்டி, நொதிக்கவிட்டு, இறுதியில் உலர்த்தும் இயந்திரத்தில் இட்டு, ஈரத்தை ஏறத்தாழ 3 வீதத்துக்கு இறக்குகின்றார்கள். இரண்டு பாகை கூடினாலும் குறைந்தாலும் தேயிலையின் மணம் மாறும் என்பதால் வெப்பமானியும் ஈரமானியும் சுவரில் தொங்குகின்றன. இரும்பு பட்டால் தேயிலைச் சாறு கறுத்துவிடும் என்பதும் அங்கே தெரியும். உருட்டும் மேசைகளில் பித்தளை பதித்ததும், நொதிக்கும் தட்டங்களுக்கு அலுமினியமும் கறையிலா உருக்கும் வந்ததும் சும்மா அல்ல.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் குறையும் என்பதும் அங்கே அன்றாடப் பாடம். 15 பாகை செல்சியஸில் 95 வீத ஈரப்பதன் கொண்ட நுவரெலியாக் காற்றை, புதிதாக நீராவி சேராமல் 25 பாகைக்குச் சூடாக்கினால், ஈரப்பதன் 51 வீதமளவுக்கு இறங்கிவிடும். வேர்னன் சொன்ன எல்லைக்கு அது கீழே. ஆக, துரு படியாத காற்று தோட்டத்துக்குள்ளேயே தயாராகின்றது. அதில் ஒரு முழம் கருவிகளுக்குக் கிடைப்பதில்லை.

கருவிகள் எங்கே இருக்கின்றன? தோட்டத்துப் பண்டகசாலையில், பெரும்பாலும் உரமூட்டைகளுக்குப் பக்கத்திலேயே. அல்லது தொழிலாளியின் லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்றும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் கொண்ட அந்த வீட்டில், கட்டிலுக்கும் பெட்டிக்கும் பிள்ளைகளின் புத்தகப் பைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, கத்திக்கு மீதியிருப்பது கூரை ஓரத்துச் செருகல்தான். அந்தக் கூரையும் தகரம். அதன் நாகப் பூச்சு தேய்ந்து துருவேறி, ஓட்டை வழியாக ஒழுகும் நீர் நேரே அந்தச் செருகலில் விழும். பழைய நாட்களில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. விறகுப் புகை கண்ணைக் கெடுத்தாலும், அந்தப் பரணில் வைத்த இரும்பு சூட்டிலும் கரியிலும் துருவின்றி இருந்தது. புகையில்லா அடுப்பும் எரிவாயுவும் வந்தது நுரையீரலுக்கு நல்லது; அதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பரணுக்குப் பதிலாகக் கருவிக்கு வேறிடம் தரப்படவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஓரிரவு ஈரத்தில் விட்டால் கொழுந்து கெட்டுவிடும் என்று தோட்டம் அறிந்திருக்கின்றது. அதற்காக மாடி கட்டி, விசிறி பூட்டியிருக்கின்றது. ஓரிரவு ஈரத்தில் விட்டால் கருவியும் கெடும், அதே ஈரத்தில் மனிதரின் நெஞ்சும் கெடும் என்பதும் அதே அறிவுதான். அந்த அறிவு தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிடுகின்றது. சட்டமும் பெரிதும் அந்த வாசலிலேயே நிற்கின்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் இருக்கும் இயந்திரத்தின் பாதுகாப்பைப் பேசுகின்றது. மலையில் வீசப்படும் கத்தி அதன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றது.

செய்யக்கூடியவை

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது பத்திரிகையாளனுக்கு எளிது. எனவே செய்யக்கூடியவற்றையும் எழுதுகின்றேன். இவற்றில் எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. கொல்லர்களும் தச்சர்களும் பழைய கவ்வாத்துக்காரர்களும் சொல்லித் தந்தவையே. வேதியியலும் இவற்றை ஒப்புக்கொள்கின்றது.

வேலை முடிந்ததும் மண்ணையும் செடிச் சாற்றையும் கழுவ வேண்டும். நீரில் கழுவினால் துருப்பிடிக்கும் என்று கழுவாமல் வைப்பவர்கள் உண்டு. துருவுக்கு நீரைவிட நெருங்கிய தோழன் உரம் கலந்த மண். கழுவிய உடனே உலர்ந்த துணியால் துடைத்து, அடுப்பருகே சில நிமிடங்கள் காட்ட வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்தால் பிடியோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும் ஈரமும் போய்விடும். துடைத்தால் போதாத இடம் அதுதான். கத்திகள் முறிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு எண்ணெய். வழிய வழியப் பூசத் தேவையில்லை, துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். மலையகத்தில் தேங்காயெண்ணெய் ஒரு சங்கடம் தரும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் போத்தலுக்குள் வெள்ளையாக நிற்கும். இரும்பைச் சூடு காட்டிய கையோடு தடவினால் உருகிப் பரவும். நாள்தோறும் பாவிக்கும் கத்திக்கு அது போதும். மாதக்கணக்கில் வைக்கும் கருவிக்கு உகந்ததல்ல, ஏனெனில் காறிப்போன எண்ணெயின் அமிலமே இரும்பைத் தின்னும். குளிரிலும் உறையாத ஆமணக்கெண்ணெய் சற்று மேலானது. நீண்டகாலம் வைப்பதற்குக் கிறீஸ் நல்லது.

வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயிலைத் தடவும் பழக்கம் எங்கும் உண்டு. காசில்லாமல் கிடைக்கின்றது, துருவையும் ஓரளவு தடுக்கின்றது. ஆனால் அதில் இயந்திரத்தின் உலோகத் துகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அது தொழிலாளியின் தோலில் நாள்தோறும் படும். கொழுந்து வெட்டும் கத்தரியில் தடவினால் தேயிலையிலும் படும். ஆட்கள் குறைந்துவிட்டதால் கைவிரலுக்குப் பதிலாகக் கத்தரியும் இயந்திரமும் பெருகிவரும் காலம் இது. எச்சங்களை நுணுக்கமாகச் சோதிக்கும் நாடுகளுக்குத் தேயிலை அனுப்பும் நாம், இலையைத் தொடும் அலகில் உண்ணத்தகாத எதையும் பூசக்கூடாது.

வைக்கும் முறையும் முக்கியம். சீமெந்துத் தரையிலோ மண்சுவரிலோ சாத்தக்கூடாது. இரண்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை. பிளாஸ்திக் பையில் இறுகக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. சணல் சாக்கும் உரச்சாக்கும் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமுள்ள இடத்தில், மரச்சட்டத்தில், தரைக்கு மேலே தொங்கவிடுவது சிறந்தது. பிடிக்கும் எண்ணெய் தடவினால் மரம் சுருங்கி ஆடாது.

துருப்பிடித்துவிட்ட கருவியை மீட்பதற்குத் தோட்டத்திலேயே மருந்து உண்டு. தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் அகற்றிவிட்டு, கடுஞ்சாயத்தில் ஊறவைத்துப் பாருங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறும். அருங்காட்சியகங்களில் பழைய இரும்பைப் பாதுகாப்பவர்கள் தனின் அமிலத்தைப் பூசுவதும் இதே தத்துவத்தில்தான். அந்தக் கருமை மேலும் துருவேறுவதைச் சற்றுத் தடுக்குமே தவிர, எண்ணெயின் வேலையைச் செய்யாது. மேலே எண்ணெய் தடவியே ஆக வேண்டும். எலுமிச்சம்புளியோ வினாகிரியோ துருவை இன்னும் விரைவாகக் கரைக்கும். ஆனால் அந்தப் புளிப்பைச் சாம்பல்நீரால் நன்றாகக் கழுவி எடுக்காவிட்டால் மறுநாளே புதுத்துரு பூக்கும். துருவைச் சாணைக்கல்லில் தீட்டித் தீர்ப்பதை இறுதி வழியாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு தீட்டலிலும் நல்ல உருக்கும் சேர்ந்து தேய்கின்றது.

ஆயுத பூசை பற்றியும் ஒரு சொல். தோட்டத்துத் தொழிற்சாலையில் அன்று இயந்திரங்கள் துலக்கப்படும், கருவிகள் வரிசையாக அடுக்கப்படும், சந்தனமும் குங்குமமும் இடப்படும். எனக்கு மிகவும் பிடித்த திருநாள் அது. கருவியும் வணங்கத்தக்கது என்று எண்ணிய ஒரு சமூகத்தின் பண்பாடு அதில் தெரிகின்றது. ஆனால் குழைத்த சந்தனம் ஈரமானது. துடைக்காமல் விட்டால் பொட்டு வைத்த இடத்திலேயே வட்டமாகத் துருப்பிடிக்கும். அத்தோடு பூசை வருவது ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால். மறுநாள் காலையில் பொட்டைத் துடைத்து எண்ணெய் தடவிவிட்டு வேலைக்குச் சென்றால் பூசைக்குப் பங்கம் வராது.

நேரமும் செலவும் யாருடையவை?

இத்தனையும் படித்த தோட்டத்து வாசகர் ஒருவர் என்னைக் கேட்கலாம்: "ஐயா, கழுவித் துடைத்துச் சூடு காட்டி எண்ணெய் தடவ எனக்கு நேரம் ஏது?" நியாயமான கேள்வி. மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளை பராமரிப்பு நிலையத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மலையேறி வீடு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணிடம் கத்தரியைத் துடைத்தாயா என்று கேட்பது அறமாகாது. எண்ணெயும் துணியும் அவர் பணத்தில் வாங்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய அநியாயம். கருவியைத் தோட்டம் தரும் இடங்களும் உண்டு. கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருக்கின்றது என்று தொழிலாளர்கள் என்னிடம் முறையிட்ட இடங்களும் உண்டு. எதுவாயினும், துருவினால் வரும் இழப்பு தொழிலாளியின் தலையிலேயே வந்து விழுகின்றது. தொழிற் பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் தொழிலாளிக்குச் செலவு வைக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம் சொல்கின்றது. கூரான, துருவற்ற கத்தி பாதுகாப்பின் ஒரு பகுதி இல்லை என்று யார் வாதிட முடியும்?

தொழிலாளர்கள் பராமரிப்பதில்லை, கொடுத்தால் தொலைத்துவிடுகின்றார்கள், நாங்கள் என்ன செய்வது என்று நிர்வாகத் தரப்பில் கேட்பார்கள். அந்தக் குறையில் முழுவதும் உண்மையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைக்க இடமும் துடைக்க நேரமும் தராமல் பராமரிப்பை எதிர்பார்ப்பது எப்படி? தொழிற்சாலை இயந்திரத்துக்கு எண்ணெய் இடுபவரின் நேரம் சம்பள நேரமாகக் கருதப்படுகின்றது. மலையில் பாவிக்கும் இயந்திரம் கத்தி என்பதால் மட்டும் அதற்கு எண்ணெய் இடும் நேரம் இனாமாகிவிடுமா?

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு பிரிவிலும் உரமூட்டைகளிலிருந்து விலகிய, தரையுயர்த்திய, காற்றோட்டமான ஒரு கருவியறை வேண்டும். தொழிற்சாலைக்கு அருகிலுள்ள பிரிவுகளில் அதன் வெப்பக் காற்றில் சிறிதளவை அங்கே திருப்ப முடியுமா என்று பொறியியலாளர்கள் பார்க்கட்டும். எண்ணெயும் துணியும் தோட்டத்தின் செலவில் அங்கே இருக்கட்டும். மாலையில் பத்து நிமிடத்தை வேலை நேரத்துக்குள்ளேயே கருவிக்கு ஒதுக்கி, பேர்ப் புத்தகத்தில் குறைக்காமல் விடட்டும். கூட்டு ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்ட காலத்தில் அவை பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கின்றேன். கிலோவும் ரூபாவும் பேசப்பட்ட அந்த மேசைகளில் கருவியைப் பற்றிய பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த முறை உட்காரும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. உயிரும் வீடும் போன துயரத்தின் முன்னே கருவி பெரிதல்ல. எனினும் பிழைத்தவர்கள் மறுபடி உழைக்கக் கையில் ஒரு மண்வெட்டியும் கத்தியும் வேண்டும். சேற்றுக்குள் புதைந்து கிடந்து எடுக்கப்பட்ட கருவிகளில் பலவற்றை மேலே சொன்ன முறையில் மீட்கலாம். புதிதாக வாங்கிக் கொடுக்க விரும்பும் ஊர்ச் சங்கங்களும் நண்பர்களும் கருவியோடு ஒரு போத்தல் எண்ணெயையும், ஒரு சாணைக்கல்லையும், தொங்கவிட ஒரு மரச்சட்டத்தையும் சேர்த்தே கொடுங்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட மண்வெட்டி அடுத்த தென்மேற்குப் பருவமழை முடிந்த பின்னரும் மண் வெட்டிக்கொண்டிருக்கும்.